பாலையன்று: நஞ்சேறிய நிலமும் திணைக் கோட்பாடும்

முன்னுரை

தமிழில் சூழலியல் திறனாய்வு வளரத் தொடங்கிய நாள்முதல் திணைக் கோட்பாடே அதன் தலையாய கருவியாக விளங்கி வருகிறது. நிலம், உயிரினம், மாந்தர் ஒழுகலாறு ஆகிய மூன்றையும் ஒரே சட்டகத்துள் வைத்துக் காணும் பார்வை தொல்காப்பியத்திலேயே அமைந்திருப்பது தமிழ்த் திறனாய்வாளர்க்குப் பெரும்பேறு. எனினும், கையில் உள்ள கருவி சிறந்தது என்பதாலேயே அதனை எங்கும் எடுத்தாளலாம் என்று கொள்வது பொருந்தாது. அவ்வாறு பொருந்தாமல் எடுத்தாளப்படும் சொற்களுள் முதன்மையானது 'பாலை'.

ஆலைக் கழிவால் கெட்ட வயல், வேதிப்பொருள் ஊறிய கிணற்றடி, கைவிடப்பட்ட தொழிற்சாலை வளாகம் ஆகியவற்றைப் 'புதிய பாலை' என்றும், 'மருதம் திரிந்த பாலை' என்றும் குறிப்பது மேடையிலும் கட்டுரையிலும் வழக்காகிவிட்டது. கேட்பதற்கு இவ்வழக்கு பொருத்தமாகவே தோன்றும். நிலம் தன் இயல்பு திரிவதே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கமன்றோ? ஆயினும் இவ்வழக்கு இலக்கண நெறியாலும் பிழையுடையது. நிலத்தை மீட்கும் வழியைப் பற்றிய எண்ணத்தையும் திசைதிருப்புவது. போபால் ஆலை நிலத்தையும், அந்நிலத்தைக் களமாகக் கொண்டு இந்திர சின்ஹா ஆங்கிலத்தில் எழுதி 2007இல் வெளிவந்த 'அனிமல்ஸ் பீப்பிள்' என்னும் புதினத்தையும் சான்றாகக் கொண்டு இக்கருத்தை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலை என்னும் காலப் படிவம்

தொல்காப்பியர் நால்வகை நிலத்தைப் பகுக்கும்போது பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. நடுவில் நிற்கும் அத்திணை நிலம் பெறாது, பொழுது பெறும். வேனிலும் நண்பகலும் அதற்குரியன, பின்பனியும் உரித்து. எனவே, பாலை என்பது இடத்தால் அமைவதன்று, காலத்தால் அமைவது.

இளங்கோவடிகள் காடுகாண் காதையில் இதனை மேலும் தெளிவாக்குகிறார். மதுரைக்கு வழி உரைக்கும் மாங்காட்டு மறையோன், முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் முறைமையில் திரிந்து பாலை என்னும் வடிவத்தை மேற்கொள்ளும் காலம் இது என்கிறான். அங்கே நிலம் கொள்வது ஒரு படிவம், படிவம் கலையக்கூடியது. மழை பெய்தால் முல்லை முல்லையாகும், குறிஞ்சி குறிஞ்சியாகும். திரிதல், மீளுதல் ஆகிய இரண்டும் பாலையின் இலக்கணத்துள் அடங்கியவை. மீளாத பாலை என்பது இளங்கோவடிகளின் விளக்கத்தோடு முரண்படும் தொடர்.

பாலை இறந்த நிலமும் அன்று. ஓமையும் கள்ளியும், செந்நாயும் பருந்தும் அதன் கருப்பொருள்கள். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாட்டில் களிறு மரத்தைப் பிளந்து பிடியின் பசி களைகிறது. பாலைக்கலியில் கன்று கலக்கிய சின்னீரைப் பிடிக்கு ஊட்டிப் பின் தான் உண்ணும் களிறும், பெடையின் வெப்பந்தீரச் சிறகால் ஆற்றும் புறவும், தன் நிழலைப் பிணைக்கு அளிக்கும் கலையும் தொடர்ந்து வருகின்றன. பிரிவுத் துயரை ஆற்றுவிக்க இக்காட்சிகளே பயன்படுகின்றன. வறட்சியிலும் உயிர் உயிரைப் பேணுகிறது என்பதே பாலைப் பாட்டின் உயிர்நாடி. உயிர்கள் வாழும் இடமாதலால்தான் பிரிவின் துயரைச் சுமக்க அந்நிலத்தால் இயல்கிறது.

புதினம் காட்டும் நிலம்

'அனிமல்ஸ் பீப்பிள்' போபாலைக் 'கௌஃப்பூர்' என்று பெயர் மாற்றிக் காட்டுகிறது. 'கௌஃப்' என்னும் உருதுச் சொல்லுக்கு அச்சம் என்பது பொருள். நச்சுவளி கசிந்த இரவில் பச்சிளங் குழந்தையாக இருந்து, பின்னர் முதுகெலும்பு வளைந்து, நான்கு கால்களால் நடக்கும் இளைஞனே கதைசொல்லி. 'விலங்கு' என்பதே அவன் பெயர். கைவிடப்பட்ட ஆலையே அவனுக்குப் பழகிய உறைவிடம்.

ஆலையின் உட்புறத்தை அவன் வருணிக்கும் பகுதி, நஞ்சேறிய நிலத்தைப் பற்றிய அண்மைக்கால எழுத்துகளுள் ஊன்றிக் கற்கத்தக்கது. அங்கே பசுமைக்குக் குறைவில்லை. குழாய்களினூடே மரங்கள் எழுகின்றன. கொடிகள் இரும்பைப் பற்றி இறுக்குகின்றன. பறவைகளின் எச்சத்தில் வந்த விதையிலிருந்து சந்தனம் முளைத்திருக்கிறது. இயற்கை தன் நிலத்தைத் திரும்பப் பெற நடத்தும் ஓசையற்ற போர் என்று கதைசொல்லியும் அதனைக் கருதுகிறான். ஆனால் அதே பகுதியில் அவன் உடன் வந்தவரைச் செவிகொடுத்துக் கேட்கச் சொல்கிறான். பறவைக் குரல் இல்லை. புல்லில் வெட்டுக்கிளி இல்லை. தேனீயின் முரற்சி இல்லை. பூச்சிகள் அங்கே உயிர்வாழ இயலாது.

இப்பகுதியைக் கண்ணால் மட்டும் படிப்பவர் இயற்கையின் மீட்சியைக் காண்பர். செவியாலும் படிப்பவர் மீளாமையை உணர்வர். பாலைக்கலியின் காட்சியோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அங்கே மரம் வற்றியும் புறவு இருந்தது. இங்கே மரம் தழைத்தும் புள் இல்லை. ஒன்றின் தலைகீழ் மற்றொன்று. தோற்றத்தில் முல்லையாகவும் உள்ளீட்டில் நஞ்சாகவும் நிற்கும் இந்நிலத்தைப் பாலை என்பது எங்ஙனம்?

பாலைக்குரிய வெம்மை புதினத்தில் இல்லாமல் இல்லை. வடநாட்டார் 'நௌதபா' என்று வழங்கும் ஒன்பது நாள் கடுவெயிலில், நீரும் அருந்தாமல் உண்ணாநோன்பு இருப்போரின் போராட்டம் கதையின் உச்சத்தை நோக்கிச் செல்கிறது. ஆனால் அவ்வெயில் துன்பத்தின் காரணமன்று. துன்பம் நிகழும் பொழுது மட்டுமே. தன் பாலிலும் நஞ்சு உண்டு என்றஞ்சி, அதனைக் குழந்தைக்கு ஊட்டாமல் மண்ணில் பீய்ச்சும் தாய் ஒருத்தியின் காட்சி இதற்குச் சான்றாகும். அவள் அஞ்சும் நஞ்சு வெயிலால் வந்ததன்று, மழையால் தீர்வதுமன்று.

மழை செய்யும் வேலை

போபால் நிலத்தின் வரலாறு இதனை உறுதிப்படுத்துகிறது. 1984 திசம்பர் 2-3 நள்ளிரவில் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்ததை உலகம் அறியும். மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டதற்கு அவ்விரவு மட்டுமே காரணம் என்று பலர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. 1969இல் இயங்கத் தொடங்கிய பூச்சிக்கொல்லி ஆலை, தன் கழிவை வளாகத்துக்குள்ளேயே குழிகளில் கொட்டிற்று. 1977இல் வடக்கே அமைக்கப்பட்ட ஆவியாக்கும் குளங்களிலும் விட்டது. விபத்து நேராதிருந்தாலும் அம்மண் நஞ்சேறியே இருந்திருக்கும். பாதரசம், குளோரின் ஏறிய பென்சீன் சேர்மங்கள், குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு முதலியவை அங்கு மண்ணிலும் நீரிலும் பின்னர்க் கண்டறியப்பட்டன. பாதரசம் தனிமம், அது சிதைந்து அழிவதில்லை. குளோரின் சேர்மங்களுள் பல நீரினும் அடர்த்தி மிக்கவை. ஆழத்துக்கு இறங்கித் தங்கிப் பல்லாண்டு சிறிது சிறிதாகக் கரைபவை.

இத்தகைய நிலத்தில் மழை செய்யும் வேலை யாது? ஒவ்வொரு பருவமழையும் மேற்பரப்பில் உள்ள நஞ்சைக் கீழே கொண்டுசெல்கிறது; நிலத்தடி நீரோட்டம் அதனைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் கிணறுகளுக்கும் அடிகுழாய்களுக்கும் சேர்ப்பிக்கிறது. அம்மக்களுக்குத் தூய குடிநீர் வழங்குமாறு 2004இல் உச்சநீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது இதனால்தான்.

புறநானூற்றில் குடபுலவியனார், நீரையும் நிலத்தையும் ஒன்றுசேர்த்தவரே உடம்பையும் உயிரையும் படைத்தவர் ஆவர் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்துகிறார். நீரும் நிலமும் கூடினால் உணவு என்பது அப்பாட்டின் அடிப்படை. போபாலில் நீரும் நிலமும் கூடினால் நோய். பாலையை மழை மீட்கும். இந்நிலத்தின் நஞ்சை மழை பரப்பும். 'புதிய பாலை' என்னும் உருவகம் முற்றாக முறியும் இடம் இதுவே.

முதற்பொருளும் கருப்பொருளும்

உருவகம் பிழைபட்டால் மீட்பும் பிழைபடும். பாலை என்று கருதியவர் செய்யத் தோன்றுவது நீர் ஊற்றலும் மரம் நடலுமே. ஆனால் தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் பிரித்தார். கரு முதலைச் சார்ந்து தோன்றுவது. முதலின்றிக் கரு இல்லை. செய்யுளில் முதலினும் கருவும் கருவினும் உரியும் சிறக்கும் என்பது அவர் கொள்கை. சிறப்பு அவ்வரிசையில் அமையலாம். மீட்பு முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இவ்வேறுபாட்டைக் குருகிராமின் ஆரவல்லிப் பல்லுயிர்ப் பூங்கா நன்கு விளக்கும். கல்லும் மணலும் அகழப்பட்டுக் கைவிடப்பட்ட அக்குன்றுகளில் 2010 முதல் மீட்புப் பணி நடந்தது. சீமைக்கருவேல் மண்டியிருந்த இடத்தில் அது நீக்கப்பட்டு ஆரவல்லிக்கே உரிய மரஞ்செடிகள் வளர்க்கப்பட்டன. அங்கும் வெறும் பசுமை மீட்பாகக் கொள்ளப்படவில்லை என்பது கருதத்தக்கது. எனினும் அந்நிலம் அகழப்பட்டதேயன்றி நஞ்சூட்டப்பட்டதன்று. ஆகவே கருப்பொருளை மீட்கும் முயற்சி பலித்தது. பாலை என்னும் சொல் பொருந்துமாயின் இத்தகைய நிலத்துக்கே ஓரளவு பொருந்தும்.

நஞ்சேறிய நிலத்தில் வழிமுறைகள் வேறு. கெட்ட மண்ணை அகழ்ந்து அகற்றுதல், கழுவுதல், வெப்பமூட்டி நஞ்சை ஆவியாக்கிப் பிடித்தல், அகற்ற இயலாததை நீர்புகாப் படுகையால் மூடுதல், நிலத்தடி நீரை இறைத்துத் தூய்மை செய்தல் ஆகியவை அவை. தாவரங்களைக் கொண்டு மீட்கும் முறையும் உண்டு. கடுகு, வெட்டிவேர் போன்றவை மண்ணிலுள்ள சில உலோகங்களை உறிஞ்சவோ வேர்ப்பகுதியில் நிறுத்தவோ வல்லன. ஆனால் நஞ்சை உறிஞ்சிய செடி தானே நச்சுக் கழிவாகிவிடும். அதனை அறுத்து அகற்றிப் பாதுகாப்பாக ஒழித்தாக வேண்டும். அங்கே வளரும் பசுமை பயனன்று, கருவி. மரம் தழைத்தது, ஆகவே மண் நலம் பெற்றது என்று முடிவு செய்வது, மருந்து அரைத்த அம்மியில் மறுநாள் துவையல் அரைப்பது போன்றதாகும்.

போபாலில் இத்தவறு நிகழும் நிலையிலேயே இருந்தது. பேரழிவின் 25ஆம் ஆண்டு நினைவையொட்டி 2009இல் ஆலை வளாகத்தைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட மாநில அரசு எண்ணியது. எதிர்ப்பு எழுந்தபின் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. புதரும் மரமும் சூழ்ந்த வளாகம் கண்ணுக்குத் தீங்கற்றதாகவே தோன்றியிருக்கும். ஆனால் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் 2010இல் அளித்த மதிப்பீட்டின்படி அங்கு நஞ்சேறிய மண் ஏறத்தாழ 11 இலட்சம் டன்.

இவ்வெண்ணோடு ஒப்பிட வேண்டியது மற்றோர் எண். வளாகத்தில் திரட்டி வைக்கப்பட்டிருந்த 337 டன் நச்சுக் கழிவு, உயர்நீதிமன்ற ஆணைக்குப்பின், 2025 சனவரித் தொடக்கத்தில் 12 கொள்கலன் வண்டிகளில் தார் மாவட்டத்துப் பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பின்னர்ச் சோதனை எரிப்புகள் நடத்தப்பட்டு, சூன் இறுதிக்குள் முழுவதும் எரிக்கப்பட்டது. 40 ஆண்டுக்காலக் களங்கம் நீங்கியதாகச் செய்திகள் வந்தன. 337 டன் என்பது 11 இலட்சம் டன்னில் ஆயிரத்தில் ஒரு பங்கும் ஆகாது. எரித்தபின் எஞ்சிய சாம்பலை எங்கே புதைப்பது என்னும் வினாவும் நீதிமன்றத்தின் முன் சென்றது. ஓரிடத்து நஞ்சு மற்றோரிடத்துக்குப் பெயர்ந்ததை மீட்பு என்று அழைக்கலாமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வஞ்சியும் வினைமுதலும்

பாலை பொருந்தாதெனின் வேறு எது பொருந்தும்? விடையை அகத்திணையில் தேடுவதே இடர்ப்பாட்டுக்குக் காரணம்; அது புறத்திணையில் உள்ளது.

மண்ணின்மேல் தீராத வேட்கை கொண்டு ஒரு வேந்தன் பிறன் நாட்டின்மேல் செல்வது வஞ்சி. பகைவர் நாட்டை எரியூட்டுதல் அதன் துறைகளுள் ஒன்று. ஐயனாரிதனார் அதனை உழபுலவஞ்சி என்பார். வென்றவன் பகைவர் இடத்தைக் கழுதை ஏர் பூட்டி உழுததை நெட்டிமையாரும் ஔவையாரும் பாடியுள்ளனர். வெள்வரகும் கொள்ளும் விதைத்ததையும் ஔவையார் குறிப்பிடுகிறார். வாழ்விடத்தை வாழ்விடமாகத் தொடரவிடாது செய்யும் வினை இது. வெம்மை தானே வருவது; எரி ஒருவன் இட்டது. பாலைக்குக் காரணம் பருவம். வஞ்சிக்குக் காரணம் வினைமுதல்.

இதனினும் நுண்ணிய வேறுபாடு ஒன்று உண்டு. அகத்திணையில் எவரையும் பெயர் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது மரபு. புறத்திணையில் அத்தடை இல்லை. கரிகாலனை முன்னிறுத்திக் கருங்குழல் ஆதனார் பாடும்போது, எரியூட்டிக் கொள்ளையிடும் நீ விரும்பியதால் பிறர் நாடுகள் தம் நலம் இழந்தன என்று நேர்நின்றே கூறுகிறார். பாராட்டினூடே பழியும் இழையும் பாட்டு அது. நஞ்சேறிய நிலத்தைப் பாலை என்று பெயரிடும்போது, திறனாய்வாளர் தம்மை அறியாமலே பெயர் சுட்டலாகாத திணைக்குள் அதனைச் செலுத்திவிடுகிறார். நிலம் 'கெட்டது' என்ற தன்வினை எஞ்சுகிறது. 'கெடுத்தது யார்' என்ற வினா மறைகிறது.

மீட்பில் இவ்வினா இன்றியமையாதது. மண்ணைக் கெடுத்தவரே மீட்புச் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை, இராசத்தானத்தின் பிச்சடி ஊர்க் கிணறுகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. நடுவண் அரசு 2025 சூலையில் அறிவித்த மாசுற்ற நிலங்களின் மேலாண்மை விதிகளும் அந்நெறியையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. போபாலிலோ வினைமுதல் கைக்கு அகப்படவில்லை. யூனியன் கார்பைடு 1994இல் இந்தியக் கிளையின் பங்குகளை விற்றது. ஆலை நிலம் 1998இல் மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 2001இல் தாய் நிறுவனம் டௌ நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதன் தலைவராயிருந்த வாரன் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றத்தில் விசாரணைக்கு வராமலே 2014இல் இறந்தார். கைமாறக் கைமாறப் பொறுப்பு மெலிந்தது, நஞ்சு மெலியவில்லை. புதினத்தில் 'கம்பெனி' என்ற பெயரில் எங்கும் நிறைந்தும் நீதிமன்றத்தில் ஒருபோதும் தோன்றாமலும் இருக்கும் எதிர்த்தரப்பு, இந்த அகப்படாமையின் இலக்கிய வடிவமாகும்.

இங்கே ஒரு தடை எழலாம். இளங்கோவடிகளின் பாலை விளக்கத்திலேயே கொடுங்கோல் வேந்தன் வருகிறானே எனலாம். உண்மைதான். அரசனும் அவன் வினை செய்வோரும் கோல் கோடியதால் முறைமை இழந்த நாட்டைப்போல, வேனிலும் ஞாயிறும் வருத்த நிலம் திரிந்தது என்பதே அவர் உவமை. ஆனால் வேந்தன் நிற்கும் இடத்தை நோக்குதல் வேண்டும். அவன் உவமையில் நிற்கிறான். பொருளில் நிற்பது பருவம். மதுரையில் நிகழவிருக்கும் முறைகேட்டுக்கு முன்குறிப்பாக அவ்வுவமை அமைந்த திறம் வியக்கத்தக்கது. போபாலில் இவ்விரண்டும் இடம் மாறிவிட்டன. கோல் கோடியது உவமையன்று, நடந்த செய்தி. வெம்மையும் வறட்சியும்தான் வெறும் உவமை. உவமையைப் பொருளாகவும் பொருளை உவமையாகவும் மாற்றிப் படித்ததே 'புதிய பாலை' என்னும் வழக்கின் தோற்றுவாய்.

வஞ்சியும் முற்றப் பொருந்திவிடாது என்பதையும் கூறியாக வேண்டும். எரியுண்ட நாடு சில பருவங்களில் மீளும். கழுதை ஏர் உழுத மண்ணிலும் வரகு முளைக்கும். பகைவரும் அழிக்க எண்ணாத முதற்பொருளை இக்காலத் தொழில், பகையே இல்லாமல் அழித்திருக்கிறது. பழைய இலக்கணத்தில் இதற்கு நேரான துறை இல்லை; இல்லை என்று உணர்வதும் ஓர் ஆய்வு முடிவே.

முடிவுரை

நஞ்சேறிய நிலம் பாலையன்று. பாலை பருவத்தால் திரிவது, மழையால் மீள்வது, உயிர்களைத் தாங்குவது, எவர் பெயரையும் சுட்டாதது. நஞ்சேறிய நிலம் வினையால் கெடுவது, மழையால் கேடு பரப்புவது, பசுமையுள்ளும் உயிர்களை மறுப்பது, பெயர் சுட்டப்பட வேண்டியது.

இதனால் திணைக் கோட்பாடு பயனற்றது என்பது பெறப்படாது. மீட்புக்கு அது தரும் அளவுகோல் தெளிவானது. முதற்பொருளாகிய மண்ணும் நீரும் தூய்மையுறுதல் முதற்படி. கருப்பொருளாகிய புள்ளும் பூச்சியும் தாமே வந்து தங்குதல் அடுத்தபடி. நட்ட மரத்தை எண்ணுவதன்று, வந்த பறவையைக் கேட்பதே அதன் சோதனை. அந்நிலத்தைச் சூழ்ந்து வாழும் மாந்தர் அச்சமின்றி நீர் இறைத்துக் குடித்துத் தம் ஒழுகலாற்றைத் தொடர்தல் நிறைவுப்படி. இம்மூன்றும் கூடியபின்னரே அந்நிலத்துக்கு ஒரு திணைப்பெயர் வாய்க்கும். போபால் ஆலை நிலம் அப்பெயருக்கு இன்னும் காத்திருக்கிறது. அதுவரை அதற்குப் பாலை என்னும் பெயரைக் கடன் கொடாதிருத்தல் தமிழ்த் திறனாய்வின் கடமையாகும்.